கல் உருட்டப் போறீங்களா? முதல்ல ஒரு வாளி தண்ணி எடுத்து வைங்க

போன வாரம் என் மேசை மேல இருக்கிற கற்களோட போட்டோ போட்டேன். அதுல இருந்து இன்பாக்ஸ்ல ரெண்டு கேள்விதான் மாத்தி மாத்தி வருது. ஒண்ணு, "டாக்டர், எந்தக் கல்லைப் போட்டா இப்படி வரும்?" இன்னொண்ணு குரோம்பேட்டையில இருந்து ஒரு அம்மா கேட்டது: "பத்தாவது முடிச்ச பையன் லீவுக்கு இந்த மெஷின் கேக்குறான் சார். கல் தூசி நுரையீரலுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, வாங்கித் தரலாமா?"

ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு. அதனால ஒரே த்ரெட்டா எழுதுறேன். கொஞ்சம் நீளம். டீயோட படிங்க.

முதல்ல அந்த அம்மாவுக்கு: தாராளமா வாங்கித் தரலாம். மெஷினுக்குள்ள நடக்கிறது எல்லாமே மூடின டப்பாவுக்குள்ள, தண்ணியில நடக்குது. தூசி கிளம்ப வழியே இல்ல. கவனமா இருக்க வேண்டியது கல் மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடி. அதாவது கல்லைப் பொறுக்கி, உடைச்சு, கழுவித் தயார் பண்ற கட்டம். யூடியூப்ல பெரும்பாலும் வேகமா ஓட்டி விட்டுடுற பகுதியும் அதுதான்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ராக் டம்ளர்னா தண்ணி குடிக்கிற டம்ளர் இல்ல. ரப்பர் பீப்பாய் மாதிரி ஒரு சின்ன டப்பா, அதை மெதுவா உருட்ட ஒரு மோட்டார். உள்ள கல், தண்ணி, சிலிக்கான் கார்பைடு பொடி. கிட்டத்தட்ட ஒரு வாரம் உருளும். அப்புறம் கழுவிட்டு இன்னும் நைசான பொடி, இன்னொரு வாரம். இப்படி நாலு கட்டம். ஆறு ஆயிரம் வருஷம் பண்ற வேலையை ஒரு மாசத்துல பண்ணுது, அவ்வளவுதான்.

ஆனா ஆறு ஒரு விஷயத்துல நம்மள விட கறார். சொத்தைக் கல்லை அது வழியிலேயே மணலாக்கிடும். கடைசியில நம்ம கைக்கு வர்ற கூழாங்கல் எல்லாம் தப்பிப் பிழைச்ச கல். நாம கல் பொறுக்கும்போது அந்த வடிகட்டுற வேலையை நாமளே பண்ணணும்.

நம்ம ஏரியாவுல இருக்கிறவங்க கை முதல்ல போறது எங்க தெரியுமா? ரோட்டோரம் கொட்டி வெச்சிருக்கிற ஜல்லி. கருநீலமா, அங்கங்க மினுமினுன்னு இருக்கும். அது சாதாரணக் கல் இல்லதான். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் மலை எல்லாம் சார்னோகைட்ங்கிற பாறை. கல்கத்தாவை நிறுவினவர்னு சொல்லப்படுற ஜாப் சார்னாக் இருக்காரே, அவரோட கல்லறைக் கல் மெட்ராஸ் பக்கத்துல இருந்து போன கல். தாமஸ் ஹாலண்ட்ங்கிற புவியியலாளர் 1893ல அந்தக் கல்லை ஆராய்ஞ்சு அந்தப் பாறை வகைக்கே சார்னாக் பேரை வெச்சார். உலகம் பூரா பாடப் புத்தகத்துல இருக்கிற பேர். கல் மட்டும் நம்ம ஊரு.

இவ்வளவு பெருமை இருந்தும் முதல் தடவை உருட்ட அது வேண்டாம். காரணம் ரெண்டு.

சார்னோகைட் ஒரே கனிமம் கிடையாது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன்னு பல கனிமம் கலந்து இறுகினது. மோஸ் அளவுகோல்ல குவார்ட்ஸோட கடினம் 7. ஃபெல்ட்ஸ்பார் 6. ஹைப்பர்ஸ்தீன் 5ல இருந்து 6 வரைக்கும். உருளும்போது மெதுவான பகுதி முதல்ல தேயும், கெட்டியான பகுதி மேடா நிக்கும். ஒரு மாசம் கழிச்சுத் திறந்தா அம்மைத் தழும்பு மாதிரி மேடும் பள்ளமுமா இருக்கும். கிரானைட்டுக்கும் இதே கதைதான். "கிச்சன் மேடை மட்டும் பளபளன்னு இருக்கே?"ன்னு கேப்பீங்க. அது தட்டையான பலகையை மெஷின்ல அழுத்தித் தேய்க்கிறது. கல்லோட கல் மோதி உருள்றது வேற.

ரெண்டாவது, ஜல்லிங்கிறது வெடி வெச்சுத் தகர்த்து, கிரஷர்ல நசுக்கி வந்த கல். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள ஓடிட்டு இருக்கும். டப்பாவுக்குள்ள அது பிளந்தா, உடைஞ்ச கூர்முனை மத்த கல்லையும் கீறிடும்.

அப்போ எது? குவார்ட்ஸ் குடும்பம். நம்ம பாட்டிமார் வெங்கச்சங்கல்னு சொல்வாங்களே, வெள்ளையா, ரெண்டை எடுத்து இருட்டுல உரசினா வெளிச்சம் மின்னுமே, அதேதான். அகேட், ஜாஸ்பர், கீழடிச் செய்திகள்ல அடிக்கடி வர்ற சூதுபவளம், எல்லாம் இதே குடும்பம். கடினம் ஏறக்குறைய 7. எல்லாமே ஒரே வேகத்துல தேயுறதுனால ஒண்ணை ஒண்ணு கெடுக்காது.

தேர்ந்தெடுக்கிற இந்தப் புத்தி நமக்குப் புதுசில்ல. 1863 மே 30 அன்னிக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துல ஒரு கற்காலக் கைக்கோடரியைக் கண்டுபிடிச்சார். இந்தியாவுல பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கினதே அந்தக் கல்லுல இருந்துதான். அது குவார்ட்சைட். சுத்தி மலை மலையா சார்னோகைட் கிடக்க, அந்த மனுஷன் குவார்ட்சைட்டைத் தேடி எடுத்திருக்கான் பாருங்க. மோஸ் அளவுகோல் இல்லாமலே!

சரி, எங்க கிடைக்கும்? பக்கத்துல யாராவது பழைய வீட்டை இடிச்சுக் கட்டினா விசாரிங்க. ஆத்து மணலைச் சலிச்சா சல்லடையில நிக்கிற கூழாங்கல்லை மூலையில குவிச்சிருப்பாங்க. அதுல பாதிக்கு மேல வெங்கச்சங்கல்தான். இப்போ எல்லாரும் எம் சாண்டுக்கு மாறிட்டதால இந்தப் புதையல் குறைஞ்சுட்டு வருது. நர்சரியில விக்கிற வெள்ளைக் கூழாங்கல்லைச் சோதிக்காம வாங்காதீங்க. அதுல நிறைய மார்பிள். செம்மண் சரளையும் வேண்டாம், கரைஞ்சு சேறாயிடும்.

கைவிட்ட கல்குவாரிக்குள்ள இறங்கிப் பொறுக்காதீங்க. பையன்களை அனுப்பவே அனுப்பாதீங்க. நம்ம பக்கத்துக் குவாரிக் குட்டைகள்ல கரை சரிவா இருக்காது, கிணறு மாதிரி நேரா இறங்கும். கேஷுவாலிட்டியில நின்னு பார்த்தவன் சொல்றேன். காப்புக்காடு, தொல்லியல் இடங்கள்ல இருந்தும் ஒரு கல்கூட எடுக்கக் கூடாது.

இப்போ சோதனை. லேப் எல்லாம் தேவையில்ல.

பழைய கத்தி முனையால அழுத்திக் கீறுங்க. குவார்ட்ஸ்ல கீறல் விழாது. ஒரு சாம்பல் கோடு தெரியும், ஏமாந்துடாதீங்க, கட்டை விரலால துடைங்க. அழிஞ்சா அது கத்தியோட இரும்பு. அழியாத பள்ளம்னா கல் மெத்து. அப்புறம் ஒரு காலி பாட்டில் மேல கல்லைக் கீறிப் பாருங்க. குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும். மார்பிள் கீறாது. ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடுங்க. நுரைச்சா சுண்ணாம்பு வகை, தனியா வைங்க. நார் நாரா பிரியுற கல்லை வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் வகை நார்க்கனிமங்கள் இருக்கலாம்.

எனக்குப் பிடிச்ச சோதனை இது. கல்லை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போடுங்க. காலையில எடுத்துத் துணியில ஒத்திட்டு நிழல்ல வெச்சுப் பாருங்க. மேல்பக்கம் சீக்கிரம் காயும். விரிசல் இருக்கிற இடம் மட்டும் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, கறுப்புக் கோடா கொஞ்ச நேரம் நிக்கும். எக்ஸ்ரே மாதிரி. அந்தக் கல் கழிவு. நனைச்சுப் பார்க்கிறதுல இன்னொரு லாபம், மெருகு ஏறினா என்ன கலர்ல இருக்கும்னு அப்பவே தெரிஞ்சிடும். அதுக்காக நக்கிப் பார்க்காதீங்க. சில பேர் பண்றாங்க!

தட்டிப் பார்க்கிற சோதனையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பேஷண்ட்.

சில வருஷம் முன்னாடி ஓபிக்கு வந்தவர். அம்பது வயசு இருக்கும், பார்த்தா எழுபது சொல்லலாம். ரெண்டு தடவை டிபி மருந்து முழுசா சாப்பிட்டவர். சளியில இப்போ கிருமி இல்ல. ஆனா மூச்சு மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுட்டே வருது. எக்ஸ்ரேவுல மேல்பக்கம் ரெண்டு நுரையீரல்லயும் சின்னச் சின்ன முடிச்சு. நடுவுல இருக்கிற நிணநீர்க் கட்டிகளோட ஓரம் முட்டை ஓடு மாதிரி வெள்ளையா.

"அண்ணே, என்ன வேலை பார்த்தீங்க?"

"இப்போ வாட்ச்மேன் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"பல்லாவரம் பக்கம் கல்லு உடைச்சேன் சார். அப்புறம் கிரஷர். இருவது வருஷம்."

எழுதிட்டு இருந்தேன். பேப்பர் பறக்காம இருக்க மேசையில ஒரு கல் வெச்சிருந்தேன், பாதி மெருகு ஏறின வெங்கச்சங்கல். அவர் அதைக் கையில எடுத்தார். விரல் நகத்தால ரெண்டு தட்டு. காதுகிட்ட வெச்சு, அங்கிருந்த ஸ்டீல் ஸ்கேலால இன்னொரு தட்டு.

"இதுல உள்ள வாயு இருக்கு சார். நல்ல கல்லுன்னா கிண்ணுனு பேசும். இது பொத்துனு கேக்குது, பாருங்க."

கல் வேலை செய்றவங்க விரிசலை 'வாயு'ன்னு சொல்வாங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். நாங்க நெஞ்சைத் தட்டிப் பார்க்கிறோமே, அதுவும் இதேதான். வியன்னாவுல 1761ல லியோபோல்ட் அவுன்ப்ரூகர்னு ஒரு டாக்டர் அதை முதல்ல எழுதி வெச்சார். அவர் அப்பா சத்திரம் நடத்தினவர், பீப்பாயைத் தட்டியே உள்ள எவ்வளவு இருக்குன்னு சொல்வாராம். நான் அந்த அண்ணனோட நெஞ்சைத் தட்டினேன், அவர் என் கல்லைத் தட்டினார். ரெண்டு பேரும் சரியாத்தான் சொன்னோம்.

அவருக்கு இருந்தது சிலிகோசிஸ். ஏன் வருதுன்னு கொஞ்சம் விளக்கணும், ஏன்னா உங்க கல் வேலைக்கும் இதுதான் அடிப்படை.

கல் உடையும்போது கண்ணுக்குத் தெரியுற தூசி அவ்வளவு கெட்டதில்ல. அது மூக்குலயும் தொண்டையிலயும் சிக்கிடும், தும்மினா, காறித் துப்பினா வந்துடும். கண்ணுக்குத் தெரியாததுதான் சிக்கல். 4 மைக்ரானுக்கும் சின்ன துகள். நம்ம தலைமுடியோட தடிமனே சுமார் 70 மைக்ரான், ஒப்பிட்டுப் பாருங்க. அது நேரா காற்றுப் பைகள் வரைக்கும் போயிடும். அங்க காவல் காக்கிற மேக்ரோபேஜ்ங்கிற செல் அதை விழுங்கும். கிருமியா இருந்தா செரிச்சிடும். சிலிக்காவை முடியாது. செல் செத்துப் போகும், துகள் வெளிய வரும், அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு தடவையும் அங்க ஒரு தழும்பு. வேலையை விட்ட பிறகும் இது நிக்காது. உள்ள போன தூசியை வெளிய எடுக்க மருந்து கிடையாது.

டிபி கிருமியைத் தடுக்கிறதும் இதே காவல்காரன்தான். அவன் செத்தா டிபிக்குக் கதவு திறந்த மாதிரி. சிலிகோசிஸ் இருக்கிறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு பல மடங்கு அதிகம். ரெண்டுமே பெரும்பாலும் நுரையீரலோட மேல்பக்கத்தைத் தாக்குறதுனால எக்ஸ்ரேவுல குழப்பும். "என்ன வேலை பார்த்தீங்க, அதுக்கு முன்னாடி என்ன?"ன்னு ரெண்டு கேள்வி கேட்டாத்தான் பிடிபடும். தாம்பரத்துல டாக்டர் சவுரி முத்து 1928ல டிபிக்கு சானடோரியம் ஆரம்பிச்சதே இங்க காத்து சுத்தம்னுதான். அதே பக்கத்து மலைகளை உடைச்ச தூசி எத்தனை பேரை அதே கேட்டுக்குள்ள அனுப்பியிருக்கும்னு நான் யோசிக்கிறதுண்டு.

பயமுறுத்த எழுதல. பையன் மாசம் ரெண்டு கல் உடைச்சா சிலிகோசிஸ் வராது. அது வருஷக்கணக்கா, தினமும், மணிக்கணக்கா சுவாசிக்கிறவங்களுக்கு வர்றது. ஆனா பழக்கம்னு ஒண்ணு முதல் நாளே சரியா இருக்கணும் இல்லையா?

அழகுக் கல்லுக்காகவே இந்த நோயை வாங்கின ஊரும் இருக்கு. குஜராத்துல கம்பாத், பழைய பேர் காம்பே. ரத்தன்பூர் பக்கத்துல வெட்டி எடுக்கிற அகேட்டை வெயில்ல காய வெச்சு, சூடாக்கிச் சிவப்பேத்தி, செதுக்கி, மணியாக்குற தொழில் அங்க காலங்காலமா நடக்குது. நாம மோட்டார்ல உருட்டுறதை அவங்க அந்தக் காலத்துல தோல் பையில பண்ணாங்க. மணியும் பொடியும் தண்ணியும் போட்டுக் கட்டி, ரெண்டு பேர் எதிரெதிரே உக்காந்து நாள் கணக்கா உருட்டுவாங்க. அந்தக் கட்டம் ஈரம். ஆள் தின்னது அதுக்கு முந்தின கட்டம். மின்சார மோட்டார் வந்த பிறகு எமரி சக்கரத்துல உலர்வா தேய்ச்சாங்க, அதுவும் வீட்டுக்குள்ளேயே. அகமதாபாத் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனத்து டாக்டர்கள் அங்க ஆய்வு பண்ணப்போ, சக்கரத்துல உக்காந்தவங்க மட்டும் இல்லாம பக்கத்துல குடியிருந்தவங்களுக்கும் நோய் இருந்தது. 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் அமல்ல இருந்தப்போ அதுப்படி சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயா இருந்தது. ஆனா வீடு தொழிற்சாலை இல்லையே.

அதனால உடைக்கிற வேலைக்கு வருவோம். சின்ன மெஷின்னா சுமார் 1.3 கிலோ பிடிக்கும். அதுல பெரிய கல் நாலு சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம், சின்னது ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் போகலாம், கலந்து இருக்கணும். எல்லாம் ஒரே சைஸ்னா நடுவுல இடைவெளி விழுந்து சரியா உரசாது. பெரிய கல்லை உடைச்சுத்தான் ஆகணும்னா:

கல் முதல் நாளே தண்ணியில ஊறட்டும். பழைய சாக்கை நனைச்சு, பிழியாம, கல்லை ரெண்டு சுத்து சுத்துங்க. மொட்டை மாடியிலயோ வாசல்லயோ வெச்சு அடிங்க, பெட்ரூம் பால்கனியில வேண்டாம். கண்ணை மூடின மாதிரி வர்ற கண்ணாடி கட்டாயம். குவார்ட்ஸ் சில்லு கண்ணாடித் துண்டு மாதிரி பறக்கும். கண்ணுல பட்டா கசக்காதீங்க, வாயால ஊதி எடுக்கிற வித்தையும் வேண்டாம், கண் டாக்டர்கிட்ட வாங்க. நீலக்கலர் சர்ஜிகல் மாஸ்க் இந்தத் தூசிக்குப் பத்தாது, ஓரம் எல்லாம் திறப்பு. என்95 போடுங்க. ஆனா மாஸ்க் ரெண்டாவது காவல்தான். முதல் காவல் தண்ணி. முடிச்சதும் பெருக்காதீங்க, தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. ஆங்கிள் கிரைண்டர் வெச்சு உலர்வா அறுக்கிற ஆசை இருந்தா இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம்.

இதே விஷயத்தை உங்க வீட்டு வேலைக்கும் சேர்த்துக்குங்க. மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் புது ஃபிளாட்ல கிச்சன் மேடைக்கு கிரானைட் அறுக்கிற தம்பிகளைப் பார்த்திருப்பீங்க. மூடின ரூம், உலர் பிளேடு, மூஞ்சியில ஒரு கர்ச்சீப். வீட்டுக்காரர் தூசிக்குப் பயந்து கதவைச் சாத்திட்டு வெளிய நிப்பார். குவார்ட்ஸ்னு விக்கிற செயற்கைக் கல் மேடையில சிலிக்கா இன்னும் அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1ல இருந்து அதைத் தடையே பண்ணிடுச்சு. இங்க நீங்க காசு கொடுக்கிறவங்க. "தம்பி, வெளிய வெச்சு, தண்ணி விட்டு அறுங்க, சேறானா பரவால்ல"ன்னு சொன்னா கேப்பாங்க. அந்தப் பசங்க அரை நாள் கூலி கூடக் கேட்டா கொடுத்துடுங்க.

உடைச்ச கல்லைப் பழைய டூத் பிரஷ் வெச்சுத் தேய்ச்சுக் கழுவுங்க. ஓட்டை, பள்ளத்துல மண் இருக்கக் கூடாது. டப்பாவுல மூணுல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல கல் நிறையணும். பாதிதான் இருக்குன்னா கல் உருளாம விழும், விழுந்தா உடையும். தண்ணி மேல் வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழ வரைக்கும் போதும். முதல் ரெண்டு மூணு நாள் தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து மூடுங்க, சில கல் வாயு விடும். இது அந்த அண்ணன் சொன்ன வாயு இல்ல, நிஜ வாயு.

ஒரு வாரம் கழிச்சுத் திறந்தா சாம்பல் கலர்ல சேறு இருக்கும். சிங்க்ல ஊத்திடாதீங்க, குழாய்க்குள்ள சிமெண்ட் மாதிரி இறுகிடும், அபார்ட்மெண்ட்னா கீழ் வீட்டுக்காரரும் உங்களைத் தேடி வருவார். பக்கெட்ல ஊத்தி ஒரு நாள் வைங்க. தெளிஞ்ச தண்ணியைச் செடிக்கு விடலாம். அடியில இருக்கிற சேற்றை ஈரமாவே பழைய பால் கவர்ல கட்டிக் குப்பைக்குப் போடுங்க. காய விட்டா மறுபடி அது அதே தூசிதான்.

சந்தேகமான கல்லை கமெண்ட்ல போடுங்க. நனைச்சுட்டு எடுங்க, பக்கத்துல ஒரு ரூபாய் காசு வைங்க, சைஸ் தெரியணும். கிரஷர்லயோ கல் அறுக்கிற வேலையிலயோ இருந்த யாருக்காவது உங்க வீட்டுல இருமலும் மூச்சு வாங்குறதும் இருந்தா, அதைக் கமெண்ட்ல கேக்க வேண்டாம், பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் கேக்கலைன்னாலும் பழைய வேலையைச் சொல்லுங்க. எனக்கு இன்னிக்கு நைட் டியூட்டி, கல் கேள்விகளுக்கு நாளைக்கு மத்தியானம் எழுந்து பதில் போடுறேன்.